மட்கலமும் காலமும்: பண்டைய ஜப்பானின் தொடக்க வரலாற்றுக் காலப்பகுப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய ஜப்பானின் வரலாறு ஜோமோன், யாயோய், கோஃபுன், அசுகா என்னும் நான்கு காலங்களாகப் பகுக்கப்பட்டு வருகிறது. இந்நான்கு பெயர்களும் நான்கு வெவ்வேறு அளவுகோல்களின்மேல் நிற்பவை. முதற்பெயர் மட்கலத்தின் ஒப்பனையையும், இரண்டாவது ஒரு நகர்ப்பகுதியையும், மூன்றாவது ஈமமேட்டையும், நான்காவது ஓர் அரசிருக்கையையும் குறிக்கின்றன. அளவுகோல் மாறும் இடங்களிலேயே காலவரையறைச் சிக்கல்களும் தோன்றுகின்றன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது. யாயோய் காலத் தொடக்கத்தைப் பற்றி 2003ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்துவரும் விவாதம் இதில் சிறப்பாக ஆராயப்படுகிறது. அவ்விவாதம் தமிழ்–ஜப்பானிய ஒப்பாய்வின் தொல்லியல் சான்றுகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதும் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஜோமோன், யாயோய், கோஃபுன், அசுகா, காலப்பகுப்பு, தாழி அடக்கம், சுசுமு ஓனோ.

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றைக் காலங்களாகப் பகுப்பது படிப்போரின் வசதிக்காக மேற்கொள்ளப்படுவது. எனினும் பெயர் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், அது வசதிக்கான குறியீடு என்பது மறந்துபோய், அக்காலமே அப்பெயருடன் பிறந்ததுபோன்ற தோற்றம் உண்டாகிறது. ஜப்பானின் தொடக்க வரலாற்றில் இத்தோற்றம் மிகுதி. ‘ஜோமோன் மக்கள்’, ‘யாயோய் மக்கள்’ என்று பாடநூல்களும் அருங்காட்சியகங்களும் எழுதுகின்றன. அப்பெயர்களைத் தமக்கு இட்டுக்கொண்ட மக்கள் எவரும் என்றும் வாழ்ந்ததில்லை. இரு பெயர்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிகழ்ந்த கண்டுபிடிப்புகளிலிருந்து எழுந்தவை.

தமிழில் பண்டைய ஜப்பானைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி மொழி ஒப்பாய்வின் வழியாக வந்தது. அவ்வெழுத்துகளில் யாயோய் என்பது ஐயத்திற்கு இடமற்ற ஒரு தேதியாகவே வழங்கி வந்திருக்கிறது. அத்தேதி இன்று ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கி நகர்ந்துள்ளது. அதைச் சார்ந்து எழுப்பப்பட்ட ஒப்பீடுகள் மறுபார்வையை வேண்டி நிற்கின்றன.

கயிற்றுத் தடம்

அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் எஸ். மோர்ஸ் 1877இல் தோக்கியோவை அடுத்த ஓமோரி என்னும் இடத்தில் ஒரு கிளிஞ்சல் மேட்டை அகழ்ந்தார். ஜப்பானில் அறிவியல் முறையிலான அகழாய்வின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. அங்குக் கிடைத்த கலங்களின் மேற்பரப்பில், முறுக்கிய கயிற்றை ஈரக் களிமண்ணில் அழுத்தி உருட்டிய தடங்கள் காணப்பட்டன. 1879இல் வெளிவந்த அகழாய்வு அறிக்கையில் மோர்ஸ் அவற்றைக் கயிற்றுத் தடக் கலங்கள் எனக் குறித்தார். அச்சொல்லின் மொழிபெயர்ப்பே ‘ஜோமோன்’. விலங்கியலாளர் ஒருவர் கலத்தின் புறத்தோற்றத்தைக் குறிக்க எழுதிய ஓர் அடைமொழி, பதின்மூன்றாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வின் பெயராயிற்று.

அவ்வடைமொழி அக்காலம் முழுமைக்கும் பொருந்துவதுமன்று. அவோமோரி மாநிலத்தின் ஓடாய் யாமமோட்டோ தளத்தில் கிடைத்த ஓடுகளில் ஒட்டியிருந்த கரிப்படிவு, அளவுத்திருத்தத்திற்குப் பின் ஏறத்தாழ 16,500 ஆண்டுகள் பழமை உடையதாகக் கணிக்கப்பட்டது. அவ்வோடுகளில் கயிற்றுத் தடம் இல்லை. அவை ஒப்பனையற்ற வெற்றுக் கலங்கள். கியூஷு தீவின் இறுதி ஜோமோன் கலங்கள் பலவற்றிலும் கயிற்று ஒப்பனை மறைந்துவிடுகிறது. ஆக, ஜோமோன் காலத்தின் இரு முனைகளிலும் ‘ஜோமோன்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் செல்லாது.

இப்பெயரின் உள்ளீட்டை வகுத்தவர் யாமனோஉச்சி சுகாவோ. 1930களில் அவர் கலங்களின் வடிவையும் ஒப்பனையையும் மண்ணடுக்கு வரிசையில் வைத்து நுணுகி ஒப்பிட்டு ஒரு பெரும் அட்டவணையை உருவாக்கினார். இன்று வழங்கும் ஆறு உட்பிரிவுகளின் அடித்தளம் அதுவே. எந்தக் கலம் எதற்கு முந்தியது என்பதை அவ்வளவு திறம்படக் கூறிய அறிஞர் பிறர் இலர். எத்தனை ஆண்டுகள் முந்தியது என்பதை அம்முறை கூறாது. 1950களின் இறுதியில், நட்சுஷிமா கிளிஞ்சல் மேட்டின் மாதிரிகளுக்குக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையைக் காட்டியபோது, யாமனோஉச்சி அதை ஏற்கவில்லை. ஜோமோனின் தொடக்கம் ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லாது என்றே அவர் வாதிட்டார். வரிசையை அறிந்தவருக்கு நீளம் புலப்படாமற்போனதை அவருடைய குறையாக மட்டும் கொள்வது முறையாகாது. மட்கல அட்டவணை என்னும் கருவியின் எல்லை அது.

பெயர் மட்கலத்தின்மேல் நிற்பதால் நேர்ந்த மற்றோர் இழப்பு வாழ்வுமுறை பற்றியது. நெல்லின் வருகைக்கு முந்திய காலம் என்பதாலேயே ஜோமோன் மக்கள் அலைந்து திரிந்த வேட்டுவர் என நெடுங்காலம் எண்ணப்பட்டனர். 1992 முதல் அவோமோரியில் ஒரு பேஸ்பால் மைதானம் அமைக்கும் பணிக்கு முன்னர் நடந்த அகழாய்வு, சன்னாய் மாருயாமா என்னும் பெருங்குடியிருப்பை வெளிக்கொணர்ந்தது. ஏறத்தாழ 5,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கு மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். ஒரு மீட்டர் அளவு விட்டமுள்ள செஸ்நட் மரத்தூண்கள் ஆறு, 4.2 மீட்டர் இடைவெளியில் வரிசைபிறழாது நாட்டப்பட்டிருந்தன. அவ்விடத்துச் செஸ்நட் கொட்டைகளின் மரபணு ஒருமை, காட்டு மரங்களை மக்கள் பேணி வளர்த்ததைக் காட்டுகிறது. இட்டோயிகாவாப் பகுதியின் ஜேட் கல்லும், தொலைவிலிருந்து வந்த எரிமலைக் கண்ணாடிக் கல்லும் அங்குக் கிடைத்துள்ளன. கலச்சுவர்களில் பதிந்த விதைத் தடங்களை வார்ப்பெடுத்து ஆராய்ந்ததில், நடு ஜோமோன் காலத்திலேயே சோயா அவரையின் விதை பருமனடைந்தது தெரியவந்துள்ளது. இத்தகைய வாழ்வை வேளாண்மை என்பதா, அன்று என்பதா? ஜப்பானியத் தொல்லியலாளரிடையே இதில் ஒத்த கருத்தில்லை. வேட்டை, வேளாண்மை என்ற இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு வகைப்படுத்தப் புகுந்தால் ஒத்த கருத்து ஏற்படவும் வழியில்லை.

பானையா, நெல்லா?

1884இல் தோக்கியோவின் ஹோங்கோ பகுதியில், யாயோய் என்னும் பெயர்கொண்ட நகர்ப்பகுதியில், ஒரு கலம் கண்டெடுக்கப்பட்டது. ஜோமோன் கலங்களினின்று அது வேறுபட்டிருந்ததால், அவ்விடப்பெயர் முதலில் அக்கல வகைக்கும் பின்னர் ஒரு காலத்திற்கும் வழங்கலாயிற்று. நெல்லும் உலோகமும் ஜப்பானில் நிலைகொண்ட காலத்தை உணர்த்தும் சொல்லாக அது இன்று நிற்கிறது. இதில் ஒரு முரண் உண்டு. அக்கலம் பிற்கால யாயோய் வகையைச் சேர்ந்தது. அது கிடைத்த கான்டோ சமவெளியோ நெல் வேளாண்மையை மிகத் தாமதமாகத் தழுவிய பகுதிகளுள் ஒன்று. ஒரு பண்பாட்டுக்கு, அது கடைசியாகச் சென்றடைந்த இடங்களுள் ஒன்றின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

பெயர் கலத்தைக் குறித்த வரையில் சிக்கல் எழவில்லை. 1978இல் ஃபுக்குவோக்காவின் இதாசுகே தளத்தில், இறுதி ஜோமோன் வகை எனக் கருதப்பட்டுவந்த யூஉசு கலங்களுடன் நெல்வயல்கள் வெளிப்பட்டன. வாய்க்கால் இருந்தது, நீரைத் தடுத்துத் திருப்பும் மடை இருந்தது, மரமுளைகளால் தாங்கப்பட்ட வரப்பும் இருந்தது. புதிதாக நெல் பயிரிடக் கற்றுக்கொண்டோரின் தடுமாற்றத்தை அங்குக் காண இயலாது. முழு வளர்ச்சியுற்ற நீர்ப்பாசன முறை அது. தொடர்ந்து சாகா மாநிலத்தின் நபாதாகே தளமும் இதே நிலையைக் காட்டியது. கலத்தை நோக்கினால் அவ்வயல் ஜோமோன். வயலை நோக்கினால் அக்கலம் யாயோய். எதனை அளவுகோலாகக் கொள்வது?

உணவு உற்பத்தியை வாழ்வின் அடிப்படையாகக் கொண்ட காலமே யாயோய், அக்காலத்தின் கலமே யாயோய்க் கலம் என்னும் வரையறையை சஹாரா மகோட்டோ 1970களில் முன்வைத்தார். இதன்படி இதாசுகே வயல் ‘தொடக்க யாயோய்’ ஆயிற்று. வரையறை தலைகீழாக மாறிற்று: அதுவரை கலம் காலத்தைக் கூறியது, இனிக் காலம் கலத்தைக் கூறும். இம்மாற்றம் தருக்கமுறையில் செம்மையானதே. ஆயினும் பெயர் மாறவில்லை. ஒரே சொல் 1970க்கு முன் எழுதப்பட்ட நூலில் ஒன்றையும் பின் எழுதப்பட்ட நூலில் வேறொன்றையும் குறிக்கிறது என்பதைக் கவனியாமல் இரண்டையும் ஒருசேர மேற்கோள் காட்டும் வழக்கம், ஜப்பானுக்கு வெளியே எழுதப்படும் கட்டுரைகளில் இன்னும் நீங்கவில்லை.

இந்நிலையில்தான் 2003ஆம் ஆண்டு மே மாதம், ஜப்பானியத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வுக்குழு, கலங்களில் ஒட்டியிருந்த கரிப்படிவுகளை முடுக்கி நிறமாலை முறையில் கணித்து, யாயோய் காலம் கி.மு. 10ஆம் நூற்றாண்டளவில் தொடங்கியது என அறிவித்தது. அதுவரை கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்பதே பொதுக்கருத்து. எதிர்ப்புகள் பல திசைகளிலிருந்து எழுந்தன. மீன் முதலிய கடலுணவு சமைத்த கலத்தின் கரி உண்மையினும் பழமையான கணக்கைத் தரக்கூடும் என்றனர் சிலர். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட பகுதியில் அளவுத்திருத்த வளைகோடு ஏறத்தாழச் சமதளமாகக் கிடப்பதால், அவ்விடைவெளியில் நுண்ணிய தேதி கூறுவது அரிது என்பதும் சுட்டப்பட்டது. தொடக்க யாயோய்த் தளங்களில் கிடைத்ததாகக் கூறப்பட்ட இரும்பே மிகப்பெரும் தடையாக இருந்தது. கி.மு. 10ஆம் நூற்றாண்டு என்றால், சீனத்திலேயே இரும்பு அரிதாக இருந்த காலத்தில் கியூஷு உழவரிடம் அது இருந்ததாகக் கொள்ள வேண்டும். இதனால் அவ்விரும்புப் பொருள்கள் கிடைத்த சூழல் மீளாய்வு செய்யப்பட்டது. அவை அவ்வடுக்குகளுக்கு உரியவை என்பதற்கு உறுதியான சான்றில்லை என்ற முடிவை மறுகணிப்பை ஆதரித்தோர் எய்தினர். தேதியைக் காக்க இரும்பு விலக்கப்பட்டதா, அல்லது தேதி வந்தபின்பே இரும்பின் சான்று வலுவற்றது எனத் தெரிந்ததா என்னும் வினாவை எதிர்ப்பாளர் எழுப்பியது இயல்பே. எவ்வாறாயினும், நெல்லும் இரும்பும் கைகோத்து ஒரே கப்பலில் வந்திறங்கின என்னும் பழைய சித்திரம் இனி நிலைக்காது. புதிய காலவரிசையில் நெல் முதலில் வருகிறது. இரும்பு பல நூற்றாண்டுகள் கழித்தே வருகிறது.

மறுகணிப்பின் மற்றொரு விளைவு இதனினும் முக்கியமானது. பழைய கணக்கில் நெல் வேளாண்மை தீவுகளூடே விரைந்து பரவியது போலத் தோன்றியது; பெருந்திரளான மக்கள் படையெடுப்புப் போல வந்தனர் என்னும் கருத்துக்கு அவ்விரைவே துணைநின்றது. புதிய கணக்கில் வட கியூஷுவிலிருந்து கான்டோ வரை செல்ல நெல்லுக்கு ஆறு, ஏழு நூற்றாண்டுகள் பிடித்தன. அதுவும் சீராக நகரவில்லை. கான்டோ நெல்லை ஏற்பதற்கு முன்பே, குளிர்மிகுந்த வடமுனையான அவோமோரியில் சுனாசாவா தளத்து மக்கள் வயல் அமைத்துவிட்டனர். அதே மாநிலத்தின் தாரேயானாகி தளத்தில் 650க்கு மேற்பட்ட சிறு வயல்துண்டுகளும், சேற்றில் பதிந்த காலடிகளும் கிடைத்தன. பின்னர் அவ்வட்டாரம் நெல்லைக் கைவிட்டது. வேட்டையிலிருந்து வேளாண்மைக்கு, அங்கிருந்து அரசுக்கு எனப் படிப்படியாக ஏறும் வரலாற்றில், ஏறிய படியிலிருந்து இறங்கிய இம்மக்களுக்கு இடமில்லை. ஆதலால் பொதுநூல்களில் அவர்கள் அடிக்குறிப்பாகவே எஞ்சுகின்றனர்.

இவ்வொருபோக்குச் சித்திரம் ஏன் இத்துணை வலுப்பெற்றது என்பதற்குப் போர்க்கால வரலாறு விடை தரும். 1940இல் ஜப்பானிய அரசு, தொன்மப் பேரரசர் ஜிம்மு கி.மு. 660இல் அரியணையேறியதாகக் கொண்டு 2,600ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. கோஜிகி, நிஹோன் ஷோகி ஆகிய நூல்களின் தொடக்கப் பகுதிகள் பிற்காலப் புனைவு எனக் காட்டிய த்சுதா சோகிச்சியின் நூல்கள் அதே ஆண்டில் தடை செய்யப்பட்டன. தோல்விக்குப் பின் 1946இல் வெளிவந்த பள்ளி வரலாற்றுநூல், தேவர்களிடமிருந்து அன்றிக் கற்காலத்திலிருந்து தொடங்கியது. 1947இல் ஷிசுவோக்காவின் தோரோ தளத்தில் வயல்களும் மரக்கருவிகளும் தோண்டியெடுக்கப்பட்டபோது, பசியால் வாடிய நாடு அதனைப் பெரும் ஆர்வத்துடன் நோக்கியது. வாளேந்திய பேரரசனுக்கு மாற்றாக அமைதியான உழவன் முன்னோனாகக் கிடைத்தான். யாயோய் என்றால் நெல் என்னும் சமன்பாடு அகழாய்வுக் குழியில் மட்டும் உருவானதன்று. அது அந்நாளைய தேவையிலும் உருவாயிற்று. அகழிகளாலும் காவற்கோபுரங்களாலும் சூழப்பட்ட யோஷினோகாரி 1989இல் உலகறிய வெளிப்பட்டு, அம்பு பாய்ந்த உடல்களும் தலையற்ற உடலும் தாழிகளில் காணப்பட்டபோது, அவ்வமைதியான உழவன் பற்றிய எண்ணம் கலைந்தது.

மூடிய கல்லறைகள்

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அளவுகோல் மீண்டும் மாறுகிறது. நெல் தொடர்கிறது, இரும்பு தொடர்கிறது, காலத்தின் பெயரோ ஈமமேட்டைக் குறிக்கும் ‘கோஃபுன்’. சாவித்துவார வடிவிலான பெருமேடுகள் எழுந்ததே அரசு எழுந்ததற்கு அடையாளம் எனக் கொண்டு இவ்வெல்லை வகுக்கப்பட்டது. சகாய் நகரின் தாய்சென் மேடு நீளத்தில் 486 மீட்டர் என நெடுங்காலம் கூறப்பட்டு, நீரடி அளவீட்டுக்குப் பின் 525 மீட்டர் எனத் திருத்தப்பட்டது.

எல்லைக்கோட்டில் நிற்பது நாரா மாநிலத்தின் ஹஷிஹாகா மேடு. சீன வரலாற்றாசிரியர் சென் ஷோவின் நூல், வா நாட்டின் அரசி ஹிமிகோ 239இல் வேய் அரசுக்குத் தூதனுப்பி நூறு வெண்கல ஆடிகளைப் பெற்றதையும், அவள் இறந்தபின் பெருமேடு எழுப்பப்பட்டதையும் கூறுகிறது. அந்நூல் தரும் திசையையும் தொலைவையும் அப்படியே பின்பற்றினால், அவளுடைய தலைநகர் கியூஷுவுக்குத் தெற்கே கடலில் விழும். ஆதலால் திசையைத் திருத்துவோர் நாராவுக்கும், தொலைவைக் குறைப்போர் கியூஷுவுக்கும் செல்கின்றனர். ஹஷிஹாகா எழுந்த காலம் 240–260 எனக் கரிமக் கணிப்பின்வழி 2009இல் கூறப்பட்டதும், அது ஹிமிகோவின் கல்லறையே என்னும் கருத்து வலுப்பெற்றது. அம்மேட்டின் கருவறையை எவரும் திறந்து பார்த்ததில்லை. அது பேரரசு இல்ல முகமையின் காவலில், ஓர் அரசிளங்குமரியின் கல்லறை என்ற பெயரில் இருக்கிறது.

இக்கட்டுப்பாடு கோஃபுன் கால ஆய்வின் தன்மையையே தீர்மானித்துள்ளது. பெரும் மேடுகளுக்கு உரியவர் யாவர் என்பது பெரும்பாலும் எடோ, மெய்ஜி காலங்களில் பழைய ஏடுகளைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது. அது பிழையாகவும் இருக்கலாம் என்பதற்குப் பேரரசர் கெய்தாயின் கல்லறை சான்று. அவருக்கென அரசு குறித்த மேடு ஓரிடத்தில் இருக்க, அண்மையிலுள்ள தகாட்சுகி நகரின் இமாஷிரோசுகா மேடே உண்மையானது என அறிஞர் பெரும்பாலோர் கருதுகின்றனர். பிழையாகக் குறிக்கப்பட்டதன் பயன், இமாஷிரோசுகா காவலுக்கு உட்படாமல் போயிற்று, அது அகழப்பட்டது, வீடு, விலங்கு, வீரர், மல்லர் என அணிவகுத்து நின்ற ஹனிவா சுடுமண் உருவங்கள் வெளிவந்தன. பிழையில்லாமல் குறித்திருந்தால் இன்று அறிந்ததில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

எழுத்துச் சான்று இல்லாத காலம் என இதனைக் கூறுவதும் பொருந்தாது. சைத்தாமா மாநிலத்தின் இனாரியாமா மேட்டில் 1968இல் கிடைத்த துருவேறிய வாளை 1978இல் எக்ஸ்-கதிர் வழி நோக்கியபோது, பொன்னிழைத்த 115 எழுத்துகள் தெரிந்தன. 471 எனப் பெரும்பாலோர் கொள்ளும் ஆண்டும், வகாதகேரு என்னும் பேரரசனின் பெயரும் அதில் உள்ளன. எழுத்து இருந்தும் அக்காலம் கல்லறையின் பெயரால் வழங்கப்படுகிறது. அடுத்த காலமோ அரசிருக்கையின் பெயரைப் பெறுகிறது.

ஏடும் மரச்சீட்டும்

அசுகா என்னும் காலப்பெயர் கலை, கட்டட வரலாற்றாளரின் வழக்கிலிருந்து வந்தது. கோயில்களையும் படிமங்களையும் வகைப்படுத்த எழுந்த அப்பெயர் அரசியல் வரலாற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. பௌத்தம் பெக்சே நாட்டிலிருந்து வந்த ஆண்டு ஒரு மரபில் 538, மற்றொரு மரபில் 552. இக்காலத்தில் ஏடுகள் மிகுதி. ஆதலால் ஐயமும் வேறு வகையானது.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 645இல் தொடங்கிய தாய்க்கா சீர்திருத்தத்தின் ஆணையை நிஹோன் ஷோகி முழுமையாகத் தருகிறது. அதில் மாவட்டத்தைக் குறிக்க ஓர் எழுத்து வருகிறது. அதே காலக் கல்வெட்டுகளிலோ ‘கோரி’ என்னும் அதே சொல்லுக்கு வேறோர் எழுத்து. ஏடு உண்மையான ஆணையைத் தருகிறதா, பிற்காலச் சட்டமொழியில் திருத்தி எழுதியதா என இனோஉயே மிட்சுசாதாவும் சகாமோட்டோ தாரோவும் நெடிது வாதிட்டனர். 1967இல் ஃபுஜிவாரா அரண்மனைத் தளத்தில் கிடைத்த மரச்சீட்டு ஒன்று, 701ஆம் ஆண்டின் தாய்ஹோ சட்டத்திற்கு முன் பழைய எழுத்தே வழக்கில் இருந்தது என்பதை உறுதி செய்தது. வரிப்பொருளோடு கட்டியனுப்பிய ஒரு துண்டு மரம், 720இல் அரசவை தொகுத்த வரலாற்றைத் திருத்தியது.

வடக்கும் தெற்கும்

மேற்கண்ட நான்கு காலங்களும் ஹோக்கைதோவுக்கும் ஒகினாவாவுக்கும் பொருந்துவதில்லை. ஹோக்கைதோவில் நெல் அன்று வேரூன்றவில்லை. அங்கு யாயோய் இல்லை, ‘தொடர் ஜோமோன்’ என்னும் காலம் வகுக்கப்பட்டுள்ளது. பின் வரும் சட்சுமோன், ஒஹோட்ஸ்க் பண்பாடுகளின் வழியே ஐனு மக்களின் வரலாறு செல்கிறது. ஒகினாவாவில் கிளிஞ்சல் மேட்டுக் காலம் நீண்டு, பின்னரே குசுகுக் காலம் தொடங்குகிறது. ‘தொடர் ஜோமோன்’ என்ற பெயரே ஒரு தீர்ப்பைத் தன்னுள் கொண்டுள்ளது: முன்னேற வேண்டியவர் நின்றுவிட்டனர் என்பது அதன் தொனி. வட கியூஷுத் தலைவர்களின் கைகளை அலங்கரித்த சங்குவளைகளோ தென்கடல் தீவுகளின் சங்கிலிருந்து அறுக்கப்பட்டவை. யாயோய்க்குப் புறத்தே வைக்கப்பட்டோர் இல்லாமல் யாயோய்த் தலைவனின் கோலம் நிறைவுறாது.

தமிழ் ஒப்பாய்வும் நகரும் தேதியும்

மொழியியலறிஞர் சுசுமு ஓனோ 1980 முதல் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள ஒப்புமைகளை ஆராய்ந்து எழுதினார். சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அப்பணியில் அவருடன் இணைந்து உழைத்தனர். முராயாமா ஷிச்சிரோ போன்றோர் மொழியியல் நோக்கில் கடுமையாக மறுத்தனர். சொல்லொப்புமை பற்றிய அவ்விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. ஓனோ தம் கருதுகோளுக்குத் தொல்லியல் துணையையும் நாடினார் என்பதே இங்குக் கருதத்தக்கது. நெல், உலோகம், நெசவு, தாழி அடக்கம் ஆகியவற்றை ஒரு தொகுதியாகக் கொண்டு, அத்தொகுதி தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டிலும் யாயோய் பண்பாட்டிலும் ஒருங்கே காணப்படுகிறது என்று அவர் வாதிட்டார்.

அத்தொகுதி இன்று தொகுதியாக இல்லை. நெல்லும் இரும்பும் பல நூற்றாண்டு இடைவெளியில் வந்தவை என்பது மேலே கூறப்பட்டது. நெல்லின் வழியும் தெளிவு. ஜப்பானில் பயிராவது ஜபோனிகா இனம். யாங்சியின் கீழ்ப்பகுதியில் தோன்றிக் கொரியத் தீபகற்பம் வழியே வந்தது. அதனுடன் வந்த கதிரறுக்கும் மெருகேற்றிய கற்கத்தியும் வட்ட வீட்டமைப்பும், வடமேற்குக் கியூஷுவின் கற்பதுக்கைகளும் கொரியத் தென்கரையை நேரடியாகச் சுட்டுகின்றன. தென்னிந்தியாவில் பெருவழக்கானது இண்டிகா இனம். தமிழ்ப்புலத்தில் எழுந்த அறிமுகக் கட்டுரைகள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் எடுத்துப் பேசவில்லை.

தேதியின் நிலை இன்னும் நுட்பமானது. ஒப்பீட்டின் மறுமுனையும் நகர்ந்துவிட்டது. சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல் உமி கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. 2025இல் தமிழகத்தில் இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டைத் தொடுவதாக அறிவிக்கப்பட்டது. இரு முனைகளும் பின்னோக்கி நகர்ந்ததால் ஒப்பீடு உறுதிப்பட்டது என மகிழ்வதற்கு இடமில்லை. யாயோய் கி.மு. 400இல் தொடங்கினாலும் பொருந்தும், 950இல் தொடங்கினாலும் பொருந்தும் எனில், அக்கருதுகோள் தேதியோடு பிணைக்கப்படவே இல்லை என்று பொருள். தொன்மை வேட்கை எத்தகைய இடர்களைக் கொணரும் என்பதை 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பான் கற்றுக்கொண்டது. ஒருவர் தாமே கற்கருவிகளைப் புதைத்துத் தாமே கண்டெடுத்து வந்ததை மைனிச்சி நாளிதழ் படத்துடன் வெளியிட, தொடக்கப் பழங்கற்காலம் பற்றிய பாடநூற்பகுதிகள் நீக்கப்பட்டன.

எஞ்சுவது தாழி. யாயோய் காலத் தாழி என்று பொதுவாகக் கூறப்படுவது உண்மையில் வட கியூஷுவுக்கு, அதிலும் ஃபுக்குவோக்கா, சாகா வட்டாரத்துக்கு உரியது; அதன் பெருவழக்கு யாயோயின் தொடக்கத்தில் இல்லை, நடுப்பகுதியில் உள்ளது. கின்கிப் பகுதியில் அதே காலத்தில் நாற்புறமும் அகழி சூழ்ந்த சதுர ஈமமேடுகளும் மரப்பேழைகளும் வழங்கின. குழவிகளைக் கலத்தில் இட்டுப் புதைக்கும் வழக்கம் ஜோமோன் காலத்திலேயே இருந்தது. ஆகவே தாழி நெல்லுடன் வந்திறங்கிய புதுமை எனக் கொள்வதற்கு முன், உள்ளூர் வழக்கொன்று பெருத்த கலங்களாக வளர்ந்ததா என ஆராய வேண்டும். வடிவும் ஒன்றன்று. யோஷினோகாரியில் வெளிப்பட்ட இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட தாழிகளுள் பெரியவை, இரு கலங்களை வாயொடு வாய் பொருத்திச் சாய்த்தோ கிடத்தியோ புதைக்கப்பட்டவை. இறந்தவரின் உடல் மடக்கப்பட்டு நேரே அதனுள் வைக்கப்பட்டது. ஆதிச்சநல்லூரின் தாழிகளோ பாறையில் குடைந்த குழிகளில் நிமிர்த்தி நிறுத்தப்பட்டவை.

ஆதிச்சநல்லூரில் யாகோர் முதன்முதல் தோண்டியது 1876இல். ஓமோரியில் மோர்ஸ் தோண்டியது அடுத்த ஆண்டில். அதன்பின் சென்ற ஒன்றரை நூற்றாண்டில் இரு நாடுகளிலும் தாழிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்துள்ளன. வாயின் விட்டம், சுவரின் தடிப்பு, சூளையின் வெப்பம், கிடந்த கோணம், உள்ளிருந்த எலும்பு முழுவுடலினதா, பின்னர்த் திரட்டியிட்டதா என்பன குறித்து இரு தொகுதிகளையும் அருகருகே வைத்து அளந்த ஓர் அட்டவணை வேண்டும். ஃபுக்குவோக்கா, சாகா அருங்காட்சியகங்களின் கலங்களும், சென்னை, நெல்லை அருங்காட்சியகங்களின் கலங்களும் அதற்குப் போதும்.